தடித்த உள்ளங்கை: குஷ்டமும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல

பிறந்தபோது குழந்தையின் கை பூப்போல இருந்திருக்கும். சில வாரங்களிலோ, தவழ ஆரம்பித்த பிறகோ உள்ளங்கை லேசாகச் சிவக்கும். கொஞ்ச நாளில் அந்தச் சிவப்பின் மேல் மஞ்சள் படிந்து, மெழுகை ஊற்றிக் காயவிட்டதுபோலத் தோல் கெட்டியாகும். பாதத்திலும் அப்படியே. நடக்க ஆரம்பித்ததும் வெடிப்பு விழும், சில குழந்தைகளுக்கு இரத்தம் கசியும், வியர்வையில் ஊறி நாற்றம் எடுக்கும்.

வீட்டில் முதலில் இதைப் பித்தவெடிப்பு என்பார்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், கடையில் வாங்கிய களிம்பு என்று ஒரு வருடம் போகும். பிறகு பள்ளிவாசலுக்கு ஓதிப் பார்க்கக் கொண்டு வருவார்கள். ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், கிராமத்து அரபிகள் வந்து மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஓதிய கையோடு தோல் மருத்துவரிடமும் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்புவதே அந்தக் குழந்தைக்குச் செய்யும் நன்மை.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பால்மோபிளான்டார் கெரட்டோடெர்மா. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிக்கும் நோய் என்று தமிழில் சொல்லலாம். இது ஒரே நோயல்ல, பல நோய்களின் கூட்டுப் பெயர். பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை, அரிதானவை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கை கொடுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே ஹவுளில் உளூ செய்தாலோ, பக்கத்தில் நின்று தொழுதாலோ வராது.

நம் உடம்பில் உள்ளங்கையும் உள்ளங்காலும் மற்ற இடங்களைப் போன்றவை அல்ல. உரசலையும் பாரத்தையும் தாங்க வேண்டியவை என்பதால் அங்கே தோலின் மேலடுக்கு இயல்பிலேயே தடிமனானது. அந்தத் தோல் அணுக்களுக்கு உள்ளே சட்டம்போல் நின்று தாங்குவது கெராட்டின் என்னும் புரதம். அதில் பல வகைகள் உண்டு. ஒன்பதாம் எண் கெராட்டின் முக்கியமாக உள்ளங்கை, உள்ளங்கால் தோலில்தான் உருவாகிறது. அதற்கான மரபணுவில் பிழை இருந்தால் சட்டம் பலமிழந்து அணுக்கள் நொறுங்குகின்றன. நொறுங்குவதை ஈடுகட்ட உடம்பு மேலும் மேலும் தோலை உற்பத்தி செய்கிறது. 'உடம்பெல்லாம் நன்றாக இருக்க, கையிலும் காலிலும் மட்டும் ஏன்?' என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இந்த வகையில் விடை இதுதான். 1901 ல் ஃபோர்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வகையை விவரித்தார். மரபணுப் பிழை 1994 ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொரு வகைக்கு ஒரு தீவின் பெயரே அமைந்துவிட்டது. குரோஷியா நாட்டில், துப்ரோவ்னிக் நகரத்துக்கு அருகே அட்ரியாட்டிக் கடலில் மிலெத் என்றொரு சிறு தீவு இருக்கிறது. இத்தாலியர்கள் அதை மெலேடா என்பார்கள். அந்தத் தீவின் சில குடும்பங்களில் பிறந்த சில நாட்களிலேயே கை கால் தோல் தடித்து, உள்ளங்கையோடு நிற்காமல் புறங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஏறி, கையுறையும் காலுறையும் போட்டதுபோல ஆகிவிடும். விரல்கள் மடங்கி இறுகிப்போவதும் உண்டு. பார்த்தவர்கள் குஷ்டம் என்று எண்ணி ஒதுங்கினார்கள். 1826 ல் லூக்கா ஸ்டுல்லி என்ற துப்ரோவ்னிக் மருத்துவர் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். இது தொற்றுவதல்ல, குடும்ப வழியில் வருவது என்ற தெளிவு அவரிடமிருந்துதான் தொடங்கியது. 'மெலேடாவின் நோய்' என்று பொருள்படும் 'மால் டி மெலேடா' என்ற பெயரும் நிலைத்தது. சிறிய தீவு, வெளியே போக்குவரத்துக் குறைவு, உள்ளுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த வாழ்க்கை. நோய் அங்கே தங்கியதற்கு இதுதான் காரணம், சாபமோ காற்று கருப்போ அல்ல.

இதற்கான மரபணுவை 2001 ல் கண்டுபிடித்தபோது ஆராயப்பட்ட குடும்பங்களில் குரோஷியர்களும் இருந்தார்கள், அல்ஜீரியர்களும் இருந்தார்கள். ஒன்று கிறிஸ்தவத் தீவு, மற்றொன்று முஸ்லிம் நாடு. துனீசியாவிலும் துருக்கியிலும் பாகிஸ்தானிலும் கூட இந்த நோயுள்ள குடும்பங்கள் உண்டு. மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திருமண வழக்கத்துக்குச் சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

குஷ்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரிந்துகொள்வது எளிது. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. நிறம் மங்கிய திட்டு தோன்றும், அந்த இடத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். நாம் பேசும் நோயில் உணர்ச்சி போவதில்லை, வெடிப்பு விழுந்தால் நன்றாக வலிக்கும். (குஷ்டமும் இன்று மாத்திரையால் குணமாகிற நோய்தான். அந்த நோயாளியை ஒதுக்குவதற்கும் இன்று நியாயமில்லை.)

இனி வீட்டுக்குள் நடக்கும் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைக்கு இப்படியானதும் விரல் முதலில் நீள்வது மருமகளை நோக்கித்தான். கர்ப்பமாக இருக்கும்போது என்ன தின்றாய், கிரகணத்தில் ஏன் வெளியே போனாய், எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவருக்கும் இல்லையே, உங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது? தலாக் வரை போன பேச்சுகளை ஜமாஅத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு மனிதர் வந்து, தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சந்தேகத்தோடு சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அவற்றின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்றதற்கு அதுவும் உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதும், முன்னோரின் ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கும் என்று அவரே பதில் சொன்னார். உம் மகனுக்கும் அப்படித்தான் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள் நபியவர்கள். தாய் தகப்பனிடம் வெளியே தெரியாத ஒன்று முன்னோர் வழியாகப் பிள்ளையிடம் வரும். அதை வைத்து மனைவியைச் சந்தேகிக்க இடமில்லை. இந்த ஹதீஸ் நமக்கு மனப்பாடம். நம் வீட்டுப் பிள்ளை என்று வரும்போதுதான் நினைவுக்கு வருவதில்லை.

அந்த 'வேர் இழுப்பு' இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்பதாம் எண் கெராட்டின் வகையில் தாய் தகப்பனில் ஒருவருக்கு நோய் இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தா, மகன், பேரன் என்று தலைமுறை தவறாமல் தெரியும். சில சமயம் யாருக்கும் இல்லாத குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் புதிதாகவும் தொடங்கும். இந்த வகைக்கும் சொந்தத்தில் முடித்ததற்கும் தொடர்பில்லை. ஆகவே கை தடித்த பிள்ளையைக் கண்டதும் 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதும் தவறு.

மால் டி மெலேடா போன்ற வகையில் கணக்கு வேறு. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது, உம்மாவிடமிருந்து ஒன்று, அத்தாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருந்தால் நோய் வராது. அவர் தெரியாமலே அதைச் சுமந்துகொண்டிருப்பார். அப்படிச் சுமக்கும் இருவர் மணமுடித்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு கெட்ட படிகளும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேரும். 'ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது' என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கவனியுங்கள், இந்த வகையில் கணவன் மனைவி இருவர் பங்கும் சரிசமம். மருமகளை மட்டும் குற்றம் சொல்ல வழியே இல்லை.

சுமக்கும் இருவர் தற்செயலாகச் சந்திப்பது அரிது. ஆனால் மாமன் மகள், மாமி மகன், சாச்சா மகள், பெரியத்தா மகன் என்று முடிக்கும்போது இருவருக்கும் நன்னா நன்னி ஒன்றே, அல்லது ராதா ராதி ஒன்றே. அவர்களில் ஒருவர் சுமந்த கெட்ட படி இரண்டு பக்கமும் இறங்கி வந்திருக்க இடமுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பாகிஸ்தானிய முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊரில், 11,000 க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013 ல் முடிவை வெளியிட்டார்கள். பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றுக்கு 3 என்றால், இப்படி நெருங்கிய சொந்தத்தில் முடித்தவர்களின் பிள்ளைகளில் 6. இரண்டு மடங்கு என்றும் சொல்லலாம், நூற்றில் 94 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். பயமுறுத்துபவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள், மழுப்புபவர்கள் இரண்டாவதை மட்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? மணமுடிக்க விலக்கப்பட்டவர்களின் பட்டியல் அந்நிஸா அத்தியாயத்தில் இருக்கிறது. இந்த முறைச் சொந்தங்கள் அதில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மாமி மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஆகவே இது ஹலால், இதை ஹராம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஹலால் என்றால் கட்டாயம் என்று பொருளல்ல. இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜ் நூலில், மணப்பெண் நெருங்கிய சொந்தமாக இல்லாமலிருப்பது விரும்பத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் ஆலிம்களுக்கு இது தெரியாத மஸ்அலா அல்ல. சொத்து வெளியே போகக்கூடாது, தெரிந்த இடம், மகள் கண்ணெதிரே இருப்பாள் என்ற காரணங்கள் முன்னால் வந்து நிற்கும்போது இந்த வரி கிதாபிலேயே தங்கிவிடுகிறது.

என் கருத்து இது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படியொரு நோய் இருப்பது தெரிந்த பிறகு, அதே குடும்பத்துக்குள் மறுபடியும் சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். பிள்ளையின் இரத்தத்தில் எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால், நிக்காஹுக்கு நிற்கும் இருவரும் அதைச் சுமக்கிறார்களா என்று பார்க்க முடியும். வெளியில் சம்பந்தம் பேசும்போதும் நோயை மறைத்து முடிப்பது கூடாது. நிக்காஹை முறிக்கும் உரிமை தரும் குறைகளாக ஃபிக்ஹ் நூல்கள் எண்ணும் குஷ்டமோ வெண்குஷ்டமோ இதுவல்ல. அதற்காக, கையுறை மாட்டி மாப்பிள்ளை வீட்டார் முன் உட்கார வைக்கலாம் என்று ஆகிவிடாது.

தோலோடு நின்றுவிடாத வகைகள் இரண்டைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாப்பியோன், லெஃபேவ்ர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1924 ல் விவரித்தது. கை கால் தோல் தடிப்பதோடு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். பால் பல் நான்கைந்து வயதுக்குள் கொட்டிவிடும். பிறகு முளைக்கும் பல்லும் பதினைந்து வயதையொட்டிப் போய்விடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்குத் தேவையான ஒரு நொதி இவர்களிடம் சரியாக வேலை செய்யாததே காரணம். எகிப்திலும் சவூதியிலும் இந்தியாவிலும் இந்த நோயுள்ள குடும்பங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கை தடித்த குழந்தைக்குப் பல் ஆடினால் 'பால் பல்தானே' என்று விட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கினால் நிரந்தரப் பற்களைக் காப்பாற்ற வழி உண்டு.

இரண்டாவது உயிரோடு விளையாடுவது. கிரேக்க நாட்டின் நாக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் பிள்ளைகள் பிறக்கும்போதே கம்பளி நூல்போன்ற முரட்டுச் சுருள் முடியோடு பிறந்தார்கள். தவழ்ந்து நடக்க ஆரம்பித்ததும் உள்ளங்கையும் காலும் தடித்தன. வாலிப வயதில் இதயத் துடிப்பு தடுமாறியது, சிலர் திடீரென்று விழுந்து இறந்தார்கள். நிக்கோஸ் புரோட்டோநோட்டாரியோஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1986 ல் இந்த மூன்றையும் ஒரே நோயென்று இணைத்துக் காட்டினார்கள். தோல் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் அதே புரதம்தான் இதயத் தசை அணுக்களையும் ஒட்டி வைக்கிறது. 2000 ல் அதன் மரபணுவும் தெரிந்தது. துருக்கியிலும் அரபுக் குடும்பங்களிலும் இது காணப்பட்டிருக்கிறது. சுருட்டை முடியுள்ள பிள்ளைகளெல்லாம் நோயாளிகள் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். முரட்டுக் கம்பளி முடி, தடித்த உள்ளங்கை இரண்டும் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரிடம் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். மயக்கம் வந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஆபத்தான துடிப்பை உணர்ந்து சரிசெய்யும் கருவியை உடம்புக்குள் பொருத்தி இந்த நோயாளிகளைக் காப்பாற்றுகிறார்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வாழ்க்கையை எளிதாக்க முடியும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த களிம்போ சாலிசிலிக் அமிலக் களிம்போ மருத்துவர் சொன்ன அளவில் தடவி, இரவில் பருத்திக் காலுறை போட்டுக்கொள்வது அடிப்படை. சாலிசிலிக் அமிலம் குழந்தைகளின் உடம்பில் ஊறி நஞ்சாகக்கூடும், நாமாகக் கடையில் வாங்கித் தடவக்கூடாது. நாற்றம் இருந்தால் பெரும்பாலும் கிருமியோ பூஞ்சையோ சேர்ந்திருக்கிறது என்று பொருள், அதற்கு மருந்து தந்தால் அடங்கும். தோலை பிளேடால் நீங்களே செதுக்காதீர்கள்.

கடுமையான நிலையில் அசிட்ரெடின் என்ற மாத்திரை தருவார்கள். தோல் நன்றாக மெலியும். ஆனால் அது கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்தில் மட்டுமல்ல, நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கர்ப்பமாகக் கூடாது. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், கை கொஞ்சம் நன்றாகத் தெரியட்டும் என்று இந்த மாத்திரையைத் தொடங்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கல்யாணப் பேச்சு நடப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உளூவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தடித்த தோல் உடம்பின் பகுதிதான், தண்ணீரைத் தடுக்கும் அந்நியப் பொருள் அல்ல. அதன் மேல் தண்ணீர் ஓடினால் உளூ நிறைவேறிவிடும், சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. உளூ செய்தபின் தோல் உரிந்து விழுந்தாலும் உளூ முறியாது. வெடிப்பிலிருந்து இரத்தம் வழிந்து ஓடினால் ஹனஃபி மத்ஹபில் முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது.

களிம்பில் கெட்டியாகப் படிந்து நிற்பது வேறு, எண்ணெய்ப் பிசுக்கு வேறு. மெழுகுபோல் படிந்து நிற்பது தண்ணீரைத் தடுக்கும், துடைத்துவிட வேண்டும். பிசுக்கு மட்டும் மிஞ்சியிருந்தால் குறையில்லை. இஷாவுக்குப் பிறகு தடவிக்கொண்டு ஃபஜ்ரில் கழுவிவிடுவது இரண்டுக்கும் வசதி. வெடிப்பு ஆழமாகி, தண்ணீர் பட்டால் கேடு என்று மருத்துவர் சொன்னால், உள்ளே வைத்த மருந்தின் மேலேயே தண்ணீரை ஓடவிட்டால் போதும் என்கிறது மதரஸாவில் நாம் ஓதிய நூருல் ஈளாஹ். இது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபில் நல்ல பகுதியைக் கழுவி, தண்ணீர் படக்கூடாத பகுதிக்காகத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். தலையில் காயம்பட்டவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்லி, அவர் குளித்து இறந்துபோனபோது நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதை அபூதாவூதில் படிக்கிறோம். நோயாளிக்கு மஸ்அலா சொல்பவர்கள் அந்த ஹதீஸை மறக்கக்கூடாது.

உண்மையில் தண்ணீர் இந்தத் தோலுக்குப் பெரும்பாலும் எதிரியல்ல, மென்மையாக்கும். ஈரத்தை விரலிடுக்கில் விட்டுவிடுவதுதான் கெடுதல், அங்கேதான் பூஞ்சை வளரும். உளூவுக்குப் பின் துடைக்காமல் விடுவது சிறப்பு என்று ஷாஃபிஈ நூல்களில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். காரணம் இருப்பவருக்கு அந்தச் சட்டம் இல்லை. தனித் துண்டு வைத்து நன்றாக ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

இவர் இமாமாக நின்று தொழவைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக.

ரேகை தேய்ந்து, தோல் மூடி, ஆதார் கருவியில் விரல் பதியாமல் ரேஷன் கடையிலும் வங்கியிலும் திருப்பி அனுப்பப்படுவது இவர்களின் அன்றாடத் தொல்லை. ஆதாரில் கருவிழிப் பதிவும் உண்டு, கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லும் முறையும் உண்டு. ஆதார் மையத்தில் கைப்பேசி எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மக்தப் உஸ்தாதுகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகளுக்கு நீண்ட நேரம் பேனா பிடித்து எழுத முடியாது, வெடிப்பு உள்ள நாளில் கால் மடக்கி உட்காருவதும் வலிக்கும். நாற்காலி கேட்டால் கொடுங்கள். எழுத்துப் பாடத்தைக் குறைத்து ஓதலைக் கூட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் உள்ளங்கையில் அடிக்கக்கூடாது, இந்தப் பிள்ளையை விளையாட்டுக்குக்கூட அப்படித் தட்டாதீர்கள். தோல் தடிப்பாக இருப்பதால் வலிக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். அடியிலுள்ள தோல் மற்ற பிள்ளைகளுடையதைவிட எளிதில் கிழியும்.